அண்ணன் கேட்ட பூட்டு

தொண்ணூற்றொன்றில் வாலாஜாபாத் சாலையில், ஒரகடம் தாண்டி, எனக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு நான்கு வருடத்துக்கு முன் காவி கட்டிக்கொண்டு போன என் அண்ணன், ஒரு நாள் மத்தியானம் உள்ளே வந்து ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னான். நான் அசையவில்லை. அவனே இறக்கினான்.

வேட்டியை விலக்கினான். ஆண்குறியை மூடி ஒரு இரும்புக் கூடு, அதற்கொரு சின்னப் பூட்டு. அவன் இருந்த மடத்தில் பிரம்மச்சரிய விரதம் எடுத்தவர்கள் அப்படிப் போட்டுக்கொள்வார்களாம். விளிம்பு பட்ட இடமெல்லாம் புண். துருவாடை அடித்தது.

"உரசுது தம்பி, நடக்க முடியல. பூட்டும் சரியில்ல. ஆணிய வுட்டு நோண்டினா தொறந்துக்குது."

"நோண்டினது யாரு?" என்றேன்.

"நான்தான்" என்றான்.

கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். அண்ணியும் பிள்ளையும் என் வீட்டில்தான் இருந்தார்கள். அண்ணி அரிசி மில்லில் காயும் நெல்லைக் காலால் துழாவி, பாதமெல்லாம் வெடித்துப்போய் வருவாள். இவன் ஒரு கடிதம் போட்டதில்லை. ஆனால் அந்தக் கூட்டைக் கழற்றி அவன் என் கையில் கொடுத்ததும், பிசிறுகூட எடுக்காமல் அடித்திருந்த அந்த மட்டமான வேலையைப் பார்த்து எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில்தான் ஒத்துக்கொண்டேன்.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் புண்ண ஆத்திக்கினு வா."

பத்து நாள் கழித்து வந்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்த் துண்டு ஒன்றைக் கடைந்தேன். விளிம்புகளை உருட்டி, உப்புத்தாள் போட்டு, வழவழவென்று ஆகும்வரை தேய்த்தேன். தண்ணீர் விட்டுக் கழுவத் துளைகள் வைத்தேன். தொங்கும் பூட்டை எடுத்துவிட்டு, ஆணி நுழையாதபடி, கூட்டைப் பிடித்து நிறுத்தும் வளையத்துக்குள்ளேயே பூட்டை அமைத்தேன். பித்தளையில் ஒரு சாவி.

"சாவியே வோணாம். ரிவெட் அடிச்சுடு" என்றான்.

"வீங்கிக்கிச்சின்னா செத்துடுவ. சாவி இல்லாம நான் செய்ய மாட்டேன்."

மூன்றாவது முறை போட்டுப் பார்த்தபோது உட்கார்ந்தான், குந்தினான், பட்டறையின் நீளத்துக்கு நடந்தான். "கீதுன்னே தெர்லடா" என்று சிரித்தான். அப்போதுதான் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அண்ணி வந்துவிட்டாள்.

அவனைப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த பழைய கூட்டைப் பார்த்தாள். "இன்னாது இது?"

நான் சொன்னேன். ஒளிக்கத் தோன்றவில்லை.

அண்ணன் சாமியார்க் குரலில், "நீயே வச்சிக்க. உன்னாண்ட இருந்தா எனக்கு மனசு அலையாது" என்று சாவியை அவளிடம் நீட்டினான்.

"நான் உன் வாச்மேனா? நாலு வருசமா பொண்ணுக்கு ஒரு பிஸ்கோத்து வாங்கித் தரல, சாவி குடுக்க வந்துட்ட!" வாங்கின சாவியை லேத்துக்கு அடியில் குவிந்திருந்த இரும்புச் சுருளுக்குள் வீசி எறிந்தாள்.

அண்ணன் மண்டியிட்டான். நான் காந்தத்தை எடுத்துக் கொடுக்கவில்லை. பித்தளை அதில் ஒட்டாது. எண்ணெய்ச் சுருளைக் கைகளால் கிளறினான். விரல்கள் கிழிந்தன, காவி கறுத்தது. அண்ணி அவன் தேடி முடிக்கும்வரை நின்று பார்த்தாள். சாவி கிடைத்ததும் அவன் யாரையும் பார்க்காமல் போனான்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "அவனுக்கு உரசக்கூடாதுன்னு மூணு தபா அளவெடுத்தியே. அவன் ஏன் ஓடிப்போனான்னு ஒரு தபா கேட்டியா?"

அந்த வாரமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மணிமங்கலத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு முறை அழைக்கப் போனேன். உள்ளே இருந்துகொண்டே, இல்லை என்று சொல்லச் சொன்னாள்.

அண்ணனை இன்னும் ஒரு முறைதான் பார்த்தேன். கிருத்திகையன்று வல்லக்கோட்டைக் கோயிலில், கூட்டத்துக்கு நடுவே, சிரமமே இல்லாமல் வேகமாக நடந்து போனான். நான் கூப்பிடவில்லை.