தர்ஷினியை உட்கார வைத்த பாடு

கூடைப்பந்துப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதல்ல. ஐந்து பேரைக் களத்தில் இறக்கினால் பெஞ்சில் இருக்கும் ஏழு பேருக்கும் நம்மேல் கோபம். அந்த ஐந்தில் ஒருத்தியைக் கொஞ்சம் உட்காரச் சொன்னால் கோபக்காரர்கள் எட்டுப் பேர். மைதானத்து ஓரத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன என் சக பயிற்றுநர்களே, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்களிடமும் ஒரு தர்ஷினி இருப்பாள்.

எங்கள் தர்ஷினி லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஆசிரியைகளாகப் போகிற பெண்கள் படிக்கும் கல்லூரி எங்களுடையது. நான் அங்கே உடற்கல்வி விரிவுரையாளர். பந்தைக் கொண்டுபோவதும் தர்ஷினிதான், பறிப்பதும் அவள்தான், கூடைக்குள் போடுவதும் பெரும்பாலும் அவள்தான். ஒரே ஒரு குறை. வெளியே வா என்றால் வரமாட்டாள்.

அவிழாத லேஸ்

களைத்துப் போனதைப் பிள்ளைகள் வாயால் சொல்ல மாட்டார்கள். ஒருத்தி இடுப்பைப் பிடிப்பாள், ஒருத்தி முடியை அவிழ்த்துக் கட்டுவாள். தர்ஷினி சப்பாத்து லேஸைக் கட்டுவாள். ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதி வந்தால் போதும், பந்து வெளியே போகிற ஒவ்வொரு தடவையும் குனிந்துவிடுவாள். நடுவரும் பெருந்தன்மையாகக் காத்திருப்பார். குனிந்த இடத்தில் அவள் மூச்சு வாங்குவது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் ஆட்டம் தொடங்குமுன் நானே தரையில் உட்கார்ந்து அவளுடைய இரண்டு லேஸுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டு, நுனிகளைச் சப்பாத்துக்குள் செருகிவிட்டேன். இனி என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று எனக்கு ஒரே திருப்தி. மூன்றாம் கால்பகுதியில் அவள் நேரே எதிரணிப் பிள்ளை ஒருத்தியிடம் போய்க் குனிந்தாள். அந்தப் பிள்ளையின் லேஸ் அவிழ்ந்திருந்ததாம், கட்டிவிட்டாளாம். ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டு விசாரித்தேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள்: "பாவம் மிஸ், அந்தப் புள்ள தடுக்கி உழுந்துருந்தா?"

டொக்டர் எந்த ஊர்?

ஒரு காலைப் பயிற்சியில் என் சிரிப்பு நின்றுபோனது. ஓடிக்கொண்டிருந்தவள் கூடைக்குக் கீழே அப்படியே சரிந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் இரத்தம் குறைவு என்றார் டொக்டர். மாத்திரை எழுதித் தந்தார். ஆடலாம், ஆனால் இடையிடையே உட்கார்ந்துதான் ஆட வேண்டும், முழு ஆட்டமும் ஓடக் கூடாது என்றார். எங்கள் கல்லூரித் தலைவரான பீடாதிபதி அதற்கு மேல் ஒரு படி போனார். இன்னொரு தடவை மயங்கி விழுந்தால் அணியிலிருந்து நிரந்தரமாக எடுத்துவிடுவேன் என்று என்னிடமே சொல்லிவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பந்தைத் தொடாத நாளில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை அவள். இனி அவளை உட்கார வைத்தால்தான் அவளால் ஆட முடியும். அதை அவளுக்கு யார் புரியவைப்பது?

டொக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாதாம், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேராதாம். இதை விடுதிச் சமையலறையில் போய்ச் சொன்னேன். அங்கே சமைக்கும் செல்வி அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் தேயிலை. அதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த டொக்டரு எந்த ஊருங்க மிஸ்?"

அரைப்பேர்

அடுத்த ஆட்டத்தில் நாங்கள் நன்றாக முன்னால் இருந்தோம். நல்ல சந்தர்ப்பம் என்று இடைவேளையோடு தர்ஷினியை நிறுத்திவிட்டேன். முகம் துடைக்கும் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தாள். வென்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் மற்றவர்கள் பாட்டும் கூத்துமாக வர, அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தாள். விடுதியில் சாப்பிடவும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் கூப்பிட்டு உட்கார வைத்து, டொக்டர் சொன்னது, பீடாதிபதி சொன்னது எல்லாவற்றையும் விளக்கினேன். உதாரணத்துக்குக் கைத்தொலைபேசி பற்றரியைக் கூட இழுத்தேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'பேர்'. பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். பாதிச் சம்பளம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், இன்னாருக்கு இன்றைக்கு அரைப்பேர் என்று லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துபோவது இருக்கிறதே, அதுதான் பெரிய வெட்கம். என் விளக்கமெல்லாம் முடிந்தபிறகு, கண் நிறைந்து நிற்க, தர்ஷினி கேட்டாள்: "நான் என்னா கொறயா எடுத்தேன்னு அரப்பேரு போட்டீங்க மிஸ்?"

தேத்தண்ணிக்கு வா

நானும் ஹட்டனில் பிறந்தவள்தான். அந்தச் சொல் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கூடைப்பந்து மைதானத்தில் அதைச் சந்திப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தேத்தண்ணி நேரம் என்று ஒன்று உண்டு. கூடையை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவார்கள். அதற்காக யாரும் பேரைக் குறைப்பதில்லை. அன்றிலிருந்து 'மாற்று', 'வெளியே வா' என்கிற சொற்களை விட்டுவிட்டேன். "தர்ஷினி, தேத்தண்ணிக்கு வா" என்று ஓரத்திலிருந்து குரல் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனாலும் வந்தாள்.

பிளாஸ்க்கில் நான் வைத்திருந்தது குளுக்கோஸ் தண்ணீர். உண்மையான தேத்தண்ணியைத்தான் டொக்டரும் நானும் சேர்ந்து நிறுத்தியிருந்தோமே. இது வெளியாட்களுக்கு எப்படித் தெரியும்? கண்டிப் பக்கத்திலிருந்து வந்த எதிரணிப் பயிற்றுநர் அம்மா ஆட்டம் முழுக்க எங்கள் பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கைகுலுக்க வந்தவர் கையை விடாமலே சொன்னார்: "உங்க பிள்ளைகளுக்கு மட்டும் நடுவுல நடுவுல பிளேன்டீ குடுக்குறீங்க, எங்க பிள்ளைகள் என்னைய ஒரு மாதிரி பார்க்குதுங்க மிஸ்."

பனிக்குள்ளே

நுவரெலியாவில் ஒரு ஆட்டம். அங்கே மைதானத்துக்குக் கூரை கிடையாது. மத்தியானத்துக்குப் பிறகு பனி இறங்கி, எதிர்ப்பக்கத்துக் கூடை முதலில் மறைந்தது, பிறகு அதன் கம்பம், பிறகு என் ஆட்கள். பந்து தரையில் தட்டுப்படும் சத்தம் மட்டும் கேட்டது. தேத்தண்ணிக்கு வா என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். பந்துச் சத்தம் இன்னும் கொஞ்சம் தூரமாகப் போனது. காது கேட்கிறது, கால்தான் வரவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பொறுமை இழந்து நடுவரிடம் போனேன். நல்ல மனிதர், சிங்களவர், நம்மோடு பேசும்போது தமிழில்தான் பேசுவார். ஆறாம் இலக்கச் சட்டை போட்ட என் தர்ஷினியை உடனே நிறுத்துங்கள் என்றேன். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், எனக்கு பந்தே தெரியுது இல்ல. நான் ஆறாம் நம்பர எங்க போய் தேடுறது?"

களைத்தது யார்?

தர்ஷினி வெளியே வந்தால் உள்ளே போக வேண்டியவள் ரிஸ்னா. தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். பயிற்சியில் அவள் எறியும் பந்து பத்துக்கு எட்டுத் தடவை கூடைக்குள் விழும். ஆட்ட நாளில் மட்டும் பெஞ்சின் மூலையில் சுருங்கி உட்கார்ந்து, ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொள்வாள். கூட்டத்தைக் கண்டால் அவளுக்குப் பயம்.

ஆகவே தர்ஷினி களைக்கவே இல்லை என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி ரிஸ்னாதான். ஒருத்தி மூச்சை மறைப்பாள், இன்னொருத்தி அதற்கு உத்தரவாதம் கொடுப்பாள். இந்தக் கூட்டணியை உடைப்பதற்கு எனக்குப் பாதி ஆட்டப் பருவம் போய்விட்டது. ஒரு தடவை, பார் ரிஸ்னா, அவள் முகம் வெளுத்திருக்கிறது, எழும்பு என்று நான் அதட்டியபோது அவள் சொன்னாள்: "அவ நல்லாத்தான் ஓடுறா மிஸ், எனக்குத்தான் பார்த்துப் பார்த்து களைச்சுப் போச்சு."

ஹட்டனில்

இறுதி ஆட்டம் ஹட்டனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தர்ஷினியின் அம்மா முத்துலெட்சுமி வந்திருந்தார். மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. மற்ற ஆட்டங்களெல்லாம் அவர் கொழுந்து பறிக்கப் போகிற வேலை நாளில் வந்தவை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். உட்காரக் கதிரை கொடுத்தோம். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே பார்த்தார். பீடாதிபதியும் முன்வரிசையில் இருந்தார். அம்மா பார்க்கிறார் என்றதும் தர்ஷினி ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. முதல் பாதியில் கூப்பிட்டபோதெல்லாம் மரியாதையாக வந்தாள். கடைசிக் கால்பகுதியில் இரண்டு அணியும் சம புள்ளி. அப்போது பார்க்கிறேன், அவளுடைய உதடு வெளுத்துவிட்டது. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். இங்கே விழுந்தால் இந்த ஆட்டத்தோடு சரி, அதற்குப் பிறகு அவள் இந்த அணியில் இல்லை. அது தெரிந்தும் எனக்கு வாய் வரவில்லை. பெற்றவளின் கண்ணுக்கு முன்னால் பிள்ளையை எப்படி நிறுத்துவது?

நான் திக்கிக்கொண்டு நிற்கும்போதே என் பக்கத்தில் சிப் இறங்கும் சத்தம் கேட்டது. ரிஸ்னா ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, யாரையும் கேட்காமல் புள்ளி குறிப்பவர்களின் மேசையருகில் போய் நின்றாள். கூட்டத்தின் பக்கம் திரும்பாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தர்ஷினி அவளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவளாகவே கையைத் தூக்கிவிட்டு, நடுவர் விசில் ஊதியதும் நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், ஒருத்தி முகத்தைத் துடைத்துவிட்டாள், இன்னொருத்தி என் கையிலிருந்த ஜாக்கெட்டை வாங்கி முதுகில் போர்த்தினாள். ரிஸ்னா எறிந்த முதல் பந்து கூடையைத் தொடவே இல்லை. இரண்டாவது உள்ளே விழுந்தது. அந்த அதிசயத்தில் அவள் திரும்பி ஓட மறந்து நின்றுவிட்டாள். உதட்டில் நிறம் வந்தபிறகு தர்ஷினியைக் கடைசிச் சில நிமிடத்துக்கு மறுபடி இறக்கினேன். ஒரு புள்ளியில் தோற்றோம். ஆனால் என் பிள்ளை தன் காலில் நடந்து வெளியே வந்தாள். அடுத்த வருடமும் தர்ஷினியைத்தானே இறக்குவீர்கள் என்று பீடாதிபதி போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

முத்துலெட்சுமி அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பிள்ளையை ஏன் நடுவில் நிறுத்தினீர்கள் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்து, டொக்டர், இரத்தம், மாத்திரை என்று நான் வேகமாக ஆரம்பித்தேன். அவர் அதையெல்லாம் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒக்காந்து, வேற ஒருத்தர் தண்ணி கொண்டாந்து குடுத்து நான் பாத்ததே இல்லீங்க டீச்சர். இன்னைக்கி எம்மவளுக்கு பாத்துட்டேன்."

பிள்ளைகளை ஓட வைப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள், பயிற்றுநர்களே. உட்கார வைக்கிற வேலையை மட்டும் நான் இன்றுவரை இலவசமாகத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.