பத்தாம் வகுப்புக்கு ஒரு மாத்தாள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அடிவாரத்தில் காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அதில் பாதி செலவாகும். மீதியைச் சிந்தாமல் சிதறாமல் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோய்விடுவேன். மலையேறி, ஏற்காட்டில் பஸ் மாறி, கொட்டச்சேட்டுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையும்போது பல நாள் பனிகூட விலகியிருக்காது. நான் அங்கே தமிழாசிரியை. பத்தாம் வகுப்பு என் பொறுப்பு.

காபிப் பழம் சிவக்கிற மாதங்களில் வருகைப் பதிவு எடுப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. எந்த வீட்டுப் பிள்ளை எந்தக் காலையில் தோட்டத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு காலையில் ஒரு மாணவியின் பெயரைக் கூப்பிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து “உள்ளேன் டீச்சர்” என்று ஒரு கீச்சுக்குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பெஞ்சுக்கு மேலே நெற்றியும் இரண்டு கண்ணும் மட்டும் தெரிந்தன. அந்த மாணவியின் தங்கை, பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிப்பவள். கால் தரையில் எட்டாமல், அக்காவின் பையை மடியில் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“நீ எங்கடி இங்க வந்த?”

“அக்காவுக்கு மாத்தாளுங்க டீச்சர்.”

அவள் சொன்னதைவிட வகுப்புதான் என்னைத் திகைக்க வைத்தது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

எஸ்டேட்டில் வேலைக்கு வர முடியாதவர்கள் தங்கள் இடத்துக்கு வேறொருவரை அனுப்பி வைப்பார்கள். அப்படி வருகிறவர்தான் மாத்தாள். அனுப்பாவிட்டால் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பெயரை வெட்டிவிடுவார். சொந்தமாகக் கொஞ்சம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இடையிலும் இந்த வழக்கம் உண்டு. இன்றைக்கு உன் தோட்டத்தில் நான், நாளைக்கு என் தோட்டத்தில் நீ. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பத்தாம் வகுப்புக்கு மாத்தாள் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சின்னவளை அவள் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அம்மாவை வரச் சொன்னேன். மத்தியானம் இடுப்பில் கட்டிய சாக்குத் துணியோடு அப்படியே தோட்டத்திலிருந்து வந்தார்.

“ஏனுங்க டீச்சர், ஆளு வரலீன்னா பேர வெட்டீருவீங்கன்னுதானுங்க சின்னத அனுப்புனேன். பழம் நொம்பக் கொட்டுதுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானுங்க.”

“படிப்புக்கு மாத்தாள் உண்டாங்க? உங்களுக்குப் பசிச்சா பக்கத்து ஊட்டம்மா சாப்பிட்டுப் பசி தீந்துருமா?” என்று கத்தினேன். தலைமையாசிரியர் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டார்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். “அதுவும் ஞாயந்தானுங்க” என்றார். மறுநாள் மகள் வந்தாள். நேற்று என்ன பாடம் நடந்தது என்று தங்கை சொன்னாளா என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, “டீச்சர் கத்துனது அவ பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டுச்சுன்னு சொன்னாளுங்க” என்றாள்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள் அவள்தான். செய்யுளை வாசிக்கச் சொன்னால் வகுப்பு அடங்கிவிடும். மேலே படித்து நர்ஸாக வேண்டும் என்று ஆசை. மார்ச்சில் பொதுத்தேர்வு. பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தவறவிட்ட பெண்பிள்ளைகள் திரும்பப் பள்ளிக்கூட வாசல் மிதித்து நான் பார்த்ததில்லை. மறு வருஷம் எழுதலாம் என்பார்கள். அதற்குள் கல்யாணம் வந்துவிடும், இல்லாவிட்டால் தோட்ட வேலை நிரந்தரமாகிவிடும். அதனால்தான் அப்படிக் கத்தினேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் அவள் அப்பா மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் சாய்த்திருந்த ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா துணைக்குப் போய்விட்டார். வீட்டில் இவளும் தங்கையும் ஒரு பசுவும். தோட்டத்தில் கடைசிப் பறிப்புக்குக் காத்திருக்கும் பழம், கொடியில் மிளகு. அவள் பள்ளிக்கு வருவது நின்றுபோனது.

பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். என்னோடு அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வந்தாள். டிகிரி முடித்தவள். பகலில் ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் வரவேற்பறை வேலை. சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளைச் சமுதாயக் கூடத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருவாள். யாரும் கேட்காமலே தொடங்கிய காரியம். வழி நெடுக நான் பேசவேண்டியதை மனதுக்குள் தயார் செய்துகொண்டே நடந்தேன்.

மாணவி காபிச் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். அம்மாவின் கூடை இடுப்பில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் மறைத்தாள். விரலெல்லாம் கறுத்துப் போயிருந்தது. நான் தயார் செய்திருந்த பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

“அம்மா வர்ற வரைக்குந்தானுங்க டீச்சர்.”

“அம்மா எப்ப கண்ணு வருவாங்க?”

அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தொடை எலும்பு அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது.

திரும்பும் வழியில் கூட வந்தவளிடம் கேட்டேன். “ஊருல இத்தனை பேரு இருக்காங்க. மாத்தாள் கேட்டா வரமாட்டாங்களா?”

“கேட்டா வருவாங்க டீச்சர். கேக்கத்தான் மாட்டாங்க. திருப்பிச் செய்ய ஆளில்லாத ஊட்டுல மாத்தாள் கேக்கற வழக்கமில்லீங்க. அவங்கப்பா இன்னும் எத்தனையோ மாசத்துக்கு எந்திரிக்க முடியாது. அம்மா அவரப் பாக்கணும். எதை நம்பிக் கேப்பாங்க?”

இதுதான் முடிச்சு. வர மறுப்பவர் யாரும் இல்லை, கேட்க வாய் இல்லாததால் ஒரு பிள்ளையின் படிப்பு போகப் போகிறது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் மேல் கோபப்பட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். கழிப்பறைத் தண்ணீர், சத்துணவு முட்டை, காட்டெருமை நடமாட்டம் எல்லாம் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். “எனக்கு மாத்தாள் வேணுமுங்க” என்றேன்.

கூட்டம் விழித்தது.

“என் வகுப்புல ஒரு ஆளு கொறையுது. அவ தோட்டத்துல நிக்கறா. அவ இடத்துக்கு யாராவது அங்க போனா அவ இங்க வருவா. அவங்க ஊட்டுல யாரும் உங்களக் கேக்கல. நான் கேக்கறேன். திருப்பிச் செய்ய வேண்டியதும் நாந்தான்.”

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார். “டீச்சருக்குப் பழம் பறிக்கத் தெரியுமுங்களா?”

“தெரியாதுங்க. கத்துக்கறேன்.”

சிரிப்பு கூரையைத் தூக்கியது. சிரித்துவிட்டுக் கலைந்து போனார்கள். சரி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மலைமேல் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் இவர்கள் மனசு எனக்குப் பிடிபடவில்லையே என்று நொந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டேன். “உள்ளேன் டீச்சர்.” கீச்சுக்குரல் இல்லை, அவள் குரல்.

விடிவதற்கு முன்னால் யாரோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சத்தம் கேட்டு எழுந்தாளாம். வெளியே வந்தால் தோட்டத்தில் இரண்டு பெண்கள். “நீ போ சாமி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்றார்களாம், அவ்வளவுதான். அடுத்த நாள் வேறு இருவர். அதற்கடுத்த நாள் ஒரு ஜீப் டிரைவர், காலை டிரிப்பை விட்டுவிட்டு மிளகு ஏணியில் ஏறினார். யார் எந்த நாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, கூடிப் பேசியதாகவும் தெரியவில்லை. ஆனால் ஒரு நாளும் தோட்டம் வெறுமனே கிடக்கவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியர் லீவு போட்டால் அந்தப் பீரியடை யார் பார்ப்பது என்று முடிவு செய்வதற்குள் மணியடித்துவிடும். இவர்களைப் பார்த்து எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

சனிக்கிழமை நான் என் முறைக்குப் போனேன். கழுத்துக்குள் செவ்வெறும்பு விழுந்தது, கிளை முகத்தில் அடித்தது. பழத்தோடு பச்சைக் காயையும் சேர்த்து உருவிக் கூடையை நிரப்பிப் பெருமையோடு நிமிர்ந்தேன். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க டீச்சர், பழுக்காததையெல்லாம் பாஸ் போட்டுட்டீங்களே!”

அன்று முழுவதும் அந்தத் தோட்டத்தில் அதுதான் பேச்சு. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சிலர் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அதே நாள் மாணவியின் வீட்டு முன்னால் காபி உலர்த்தும் சிமென்ட் களத்தில் ஒன்று பார்த்தேன். ஓட்டலில் வேலை பார்க்கும் அந்தப் பெண் தன் விடுமுறை நாளில் வந்து, விட்டுப்போன கணக்குப் பாடத்தை மாணவிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கரும்பலகை இல்லாததால் களத்திலேயே சாக்பீஸால் முக்கோணமும் வட்டமுமாக வரைந்திருந்தாள். பழம் கொட்ட வந்த பெண்கள் ஒரு கோட்டைக்கூட மிதிக்கவில்லை. கோலத்தைச் சுற்றி நடப்பதுபோல வளைந்து வளைந்து போய், முக்கோணங்களை விட்டுவிட்டு மிச்ச இடத்தில் பழத்தைப் பரப்பினார்கள். சிவப்புப் பழத்துக்கு நடுவே வெள்ளை வட்டங்கள். அங்கே நின்று பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது என்ன பாடம் என்றுகூடத் தெரியாது.

என் கூடையைக் கேலி செய்த அம்மாதான் அந்தத் தோட்டத்துக்கு அடிக்கடி வந்தவர். அவர் பிள்ளைகள் எல்லாம் பெரியவர்கள். பள்ளிக்கூடத்தில் அவருக்கு யாரும் இல்லை. கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது, “நீங்க ஏனுங்க இவ்வளவு தடவை வர்றீங்க?” என்று கேட்டேன்.

“நான் அஞ்சாவது படிக்கறப்ப எங்கம்மாவுக்கு மேலுக்கு முடியலீங்க. எஸ்டேட்ல பேர வெட்டக்கூடாதுன்னு நான் மாத்தாளாப் போனேன். நாலு நாளுன்னுதான் சொன்னாங்க.” கஞ்சித் தூக்கை மூடினார். “அப்ப எனக்கு ஒரு மாத்தாள் கெடைக்கலீங்க டீச்சர். அதான் வர்றேன்.”

சொல்லிவிட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. மாத்தாள் என்ற சொல்லை அன்றைக்கு மாணவியின் அம்மாவிடம் நான் எவ்வளவு ஏளனமாகச் சொன்னேன், இந்த அம்மா அதை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் என்று நினைத்து நினைத்து மலைத்துப்போனேன்.

தேர்வுக்குச் சில நாள் முன்னால் மாணவியின் அப்பாவை மாவுக்கட்டோடு வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். மறுநாளே அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். பறித்து, உலர்த்தி, மூட்டை கட்டி அடுக்கியிருந்த காபியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முகம் பேயறைந்ததுபோல இருந்தது.

“இத்தன பேருக்கு நான் எப்பிடிங்க திருப்பறது?”

“நீங்க யாரையும் கேக்கலியே. கேட்டது நான். அது என் பாடு.”

“அப்ப உங்களுக்குத் திருப்பணுமுங்க” என்றார். நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை என் வகுப்பின் இன்னொரு பெண்ணுடைய வீட்டில் தண்ணீர்க் குடம் சுமந்துகொண்டிருந்தாராம். அந்த நேரத்தில் அந்தப் பெண் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாளாம்.

தேர்வு மையம் ஏற்காட்டில். முதல் நாள் காலை அந்த ஜீப் டிரைவரே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். கூட யார் வரச் சொன்னது என்று தெரியவில்லை, பின்னாலேயே பஸ்ஸில் அந்தப் பெண்களும் வந்து இறங்கினார்கள். அன்று அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்த்தான் இருக்கும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கேட்டுக்கு வெளியே பனியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மாணவியின் அம்மாவும் நின்றார். டிரைவரின் தோள்மேல் சின்னவள்.

உள்ளே அனுப்புவதற்கு முன்னால் மைதானத்தில் என் பிள்ளைகளை நிறுத்தி ஒருமுறை பெயர் கூப்பிட்டேன். எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். அவள் பெயர் வந்தது. அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பயத்தில் முகம் வெளுத்திருந்தது. மறுபடி கூப்பிட்டேன். உதடு மட்டும் அசைந்தது.

“உள்ளேன் டீச்சர்!”

கேட்டுக்கு வெளியே, டிரைவரின் தோள்மேலிருந்து அதே கீச்சுக்குரல். பள்ளிக்கூடத்துக்கே கேட்டிருக்கும். வெளியே நின்ற பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்துவிட்டாள். சிரித்ததில் தொண்டை திறந்துகொண்டது. கேட்டுப் பக்கம் திரும்பி அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

“மாத்தாள் இல்லீங்க டீச்சர். நானே வந்திருக்கறனுங்க.”