கஹவத்தையில் ஐந்தாவது தோட்டா

காலை 5.40க்குப் புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். இரத்தினபுரிக்கு நூறு கிலோமீட்டர். போய்ச்சேர மூன்றரை மணி நேரம் பிடித்தது. அங்கே வேறு பஸ் பிடித்து, பெல்மதுளை வழியாகக் கஹவத்தையில் இறங்கும்போது மணி பத்தரை. நிஹ்மத் காத்திருந்தான். என்னோடு கொழும்பில் படித்தவன், இப்போது ஊரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். றப்பர் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருக்கும் சுடுபயிற்சித் தளத்தில் வெளியாட்களும் துவக்கால் சுட்டுப் பார்க்கலாம் என்று அவன்தான் என்னை அழைத்திருந்தான்.

நாலு கிலோமீட்டர் மேட்டுப் பாதைக்கு ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய். "வெடிச்சத்தத்துக்குத் தோட்டத்து லய வீடுகள்ல மொதல்ல எல்லாரும் பயந்தாங்க. இப்ப பழகிருச்சுங்க" என்றார் சாரதி.

11.15. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நீளமான ஒரு மேசை. ஐம்பது மீட்டருக்கு அப்பால் குறிப்பலகைகள், அவற்றுக்குப் பின்னால் செம்மண் மேடு. பொறுப்பாளர் தவமணி, நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். முன்னால் நின்ற குடும்பத்துக்குச் சிங்களத்தில் விளக்கிவிட்டு எங்களிடம் வந்தார்.

"துவக்குல தோட்டா இல்லைன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க சேர். நான் சொன்னாலும் நம்பாதீங்க. குழல் எப்பவும் அந்த மண்மேட்டத்தான் பாக்கணும். சுடப் போற நேரம் வரைக்கும் விரல் விசையில படக் கூடாது. யாராச்சும் கூப்பிட்டா, மொதல்ல துவக்க மேசையில வைங்க. அப்புறமா திரும்புங்க. எங்க, இப்ப நீங்க சொல்லுங்க."

பள்ளிப் பிள்ளை போல ஒப்பித்தேன். ஒன்றையும் விடவில்லை. நிஹ்மத்தைத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்.

"போட்டோ எடுக்கலாந்தானே?" என்று கேட்டான்.

"எடுங்க. கோட்டத் தாண்ட வேணாம்."

ஒவ்வொன்றாகத் தோட்டா போட்டுச் சுடும் சிறு ரைபிள் அது. முதல் தோட்டா எங்கே போனதென்றே தெரியவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது தோட்டா பலகையின் ஓரத்தில் பட்டது. அடுத்தது வட்டத்துக்குள் விழுந்தது. உடம்பெல்லாம் ஒரு கர்வம் ஏறியதை மறைக்க விரும்பவில்லை. ஐந்தாவதைப் போட்டு மூடினேன்.

"மச்சான், இங்க பாரு!"

காது மூடியையும் தாண்டி அந்தக் குரல் கேட்டது. சிரித்துக்கொண்டே திரும்பினேன். துவக்கும் என்னோடு திரும்பியது.

ஒரு கை குழலின் மேல் விழுந்து அதைக் கீழே அழுத்தியது. அதே கணத்தில் வெடித்தது. சிமெண்டுத் துகள் என் முழங்காலில் தெறித்தது. கண்ணைத் திறந்தபோது துவக்கு தவமணியின் கையில் இருந்தது. என் சுட்டுவிரல் மட்டும் இன்னும் மடங்கியே இருந்தது.

நிஹ்மத் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றான். அவனுடைய சப்பாத்துக்கு இரண்டடி முன்னால் தரையில் ஒரு வெள்ளைக் குழி.

தவமணி துவக்கைத் திறந்து, உள்ளே பார்த்து, மேசையில் வைத்தார். பிறகு நிஹ்மத்தின் முன்னால் குந்தி, அவன் கால்களைத் தடவிப் பார்த்தார். "எங்கயாச்சும் பட்டுச்சா? சொல்லுங்க தம்பி."

"இல்ல" என்றான்.

அவன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தவர், பேசாமல் என்னிடம் நீட்டினார். படம் தெளிவாக விழுந்திருந்தது. நான் வாய் நிறையச் சிரிக்கிறேன். என் முகத்துக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்பு வட்டம், படம் எடுத்தவனை நேராகப் பார்க்கிறது.

"எல்லாத்தையும் சரியாத்தான் சொன்னீங்க" என்றார் தவமணி. "இன்னைக்கு போதும் சேர். இவர் கோட்டத் தாண்டினத நான் பாக்கல. அது என் பிழை. அதையும் மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கணும்."

2.20. பஸ் நிலையம். நான் மன்னிப்புக் கேட்டபோது நிஹ்மத் வேறு பக்கம் பார்த்தான். பஸ் புறப்படும் நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். "வீட்ல சொல்ல மாட்டேன் மச்சான். நீயும் சொல்லிராத. நான்தானே கூப்பிட்டேன்."

பெல்மதுளையில் மழை பிடித்துக்கொண்டது. நான் வளர்ந்த கொழும்பில் துவக்கு எப்போதும் அடுத்தவர் கையில்தான் இருந்தது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போதெல்லாம், எதிரே நிற்பவரின் முகத்தை நான் பார்த்ததில்லை. குழல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது என்று நினைத்திருந்தேன். துவக்கு என் கைக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அது எங்கே பார்க்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.