வாசலில் நின்று ஜெபித்தவன்

ஈப்போவிலிருந்து சபை வேனில் சிலிம் ரிவர் வந்திருக்கிறோம். பழைய ரப்பர் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்கு அரிசி கொடுத்து ஜெபிக்க ஆளுக்கொரு பக்கம் பிரிகிறோம்; எனக்குக் கிடைத்தது கடைசி வீடு. இனிப்புநீர் வியாதியில், சர்க்கரை ஏறிக் கால் புண்ணாகிப் படுத்திருப்பவருக்காக நான் ஜெபிக்க வேண்டும். கதவருகே போனதுமே சீழ் வாடை முகத்தில் அடிக்கிறது. அரிசிப் பையை வைத்துவிட்டு, வாசலிலேயே நின்று அவர் பக்கமாகக் கையை நீட்டி, கண்ணை மூடித் தொடங்குகிறேன்.

"அண்ணே, உள்ள வந்து தலையில கைய வெச்சுப் பண்ணுங்கலா. போன மாசம் வந்த அக்கா அப்படித்தான் பண்ணாங்க," என்கிறார் குங்குமம் வைத்த அவர் மனைவி.

நான் கண்ணைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அவர் குரல் வருகிறது. "விடுலா. எனக்கே நாறுது, அவரு பாவம் என்ன பண்ணுவாரு? அங்கேருந்தே சொல்லட்டும், சாமிக்குக் கேக்கும்."

எனக்கு முகமெல்லாம் எரிகிறது. குஷ்டரோகியை இயேசு தொட்டதைப் பற்றிப் போன ஞாயிறுதான் சபையில் உருகிப் பேசினேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவர் தலையில் கை வைக்கிறேன். மூச்சை அடக்கிக்கொள்கிறேன். தன் மூச்சு என் மேல் படக்கூடாதென்று அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அவருக்குச் சுகம் தாரும் என்று கேட்க வேண்டும். "ஆண்டவரே, என்னை மன்னியும்" என்பதுதான் திரும்பத் திரும்ப வாயில் வருகிறது.