ஜீப் ஸ்டாண்டில் ஒரு ஓவர்

போடியில் நான் தேடி வந்த கிரிக்கெட் மைதானம் இப்போது ஜீப் ஸ்டாண்டு. கல்லூரி நாட்களில் முதல் பந்திலேயே நான் அவுட்டான இடம். மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்கு நடுவே நீளமாக ஒரு துண்டு நிலம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. பைக்கை அதில் நிறுத்துகிறேன்.

“அண்ணே, அது பிச்சு! அதுல வண்டிய விட்டா ஒரு ஓவர் ஆடிட்டுத்தான் எடுக்கணும்.” ஒரு டிரைவர் சிரித்துக்கொண்டே பேட்டை நீட்டுகிறார்.

“சோலி கெடக்குதே!”

“அப்ப வெரசா ஆடுங்க.”

முதல் பந்து. கண்ணை மூடிக்கொண்டு சுழற்றுகிறேன். பந்து பறந்துபோய், மலைக்குக் கிளம்பிவிட்ட ஒரு ஜீப்புக்குள் விழுகிறது. உள்ளே இருக்கும் பெண்கள் கூச்சல் போட்டுக் கையாட்டுகிறார்கள். ஜீப் நிற்காமல் போகிறது.

“சிக்ஸர்தானே?” என்று குதிக்கிறேன்.

“பவுண்டரிக் கோடுதான் எப்பவோ போயிருச்சே! பந்து திரும்பி வர்ற வரைக்கும் ஓடுங்கண்ணே!”

ஓடிக்கொண்டிருக்கிறேன். பந்து போடிமெட்டு ஏறிக்கொண்டிருக்கிறது.