சரோ அன்ரியின் வலது காது

வலது காதுத் தோட்டின் சுரையைத் திருகியபடிதான் சரோ அன்ரி காலையில் கேற்றடிக்கு வருவார். தோடு கழன்றதும் எதிரே பிள்ளையோடு நிற்கும் அம்மாவின் உள்ளங்கையில் அதை வைப்பார். பிறகு படியில் குந்தி, பிள்ளையின் சட்டையை முதுகுப் பக்கம் உயர்த்தி, வெறுங்காதை அங்கே ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். தோடு குத்தினால் பிள்ளை நெளியும். நெளிந்தால் மூச்சு சரியாகக் கேட்காது. அந்த நேரம் பார்த்துக் கடலோர ரயில் போனால் ஒரு கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்திவிடுவார். பம்பலப்பிட்டியில் வேலைக்குப் போகிற அம்மாமார் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ரயில் போய், காது கேட்டு, "ஓம், போயிட்டு வாங்கோ" என்று அவர் சொன்ன பிறகுதான் தோடு திரும்பக் காதுக்கு ஏறும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில், கீழ்த்தள வீட்டில் அவர் குழந்தைகள் பராமரிப்பு நிலையம் நடத்துகிறார். சரோஜினிதேவி என்ற முழுப்பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மேல்மாடிக்காரன் என்ற உரிமையில், ஏன் எப்போதும் வலது காது என்று ஒருநாள் கேட்டேன்.

"மற்றது ஊர்க்கதை கேக்கிறதுக்கு," என்றார்.

அந்தக் காதும் நன்றாகவே வேலை செய்கிறது என்பதற்கு நான் சாட்சி.

கொரோனா வந்தபோதுதான் இந்தப் பழக்கம் நின்றது. ஊரடங்கு முடிந்து நிலையத்தைத் திறக்கையில், பிள்ளைகளுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று சுகாதாரப் பரிசோதகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துப்பாக்கி போலப் பிடித்துக் காய்ச்சல் பார்க்கிற துவக்கு ஒன்று வாங்கினார் அன்ரி. நெற்றிக்கு நேரே நீட்டுவார், பச்சை வெளிச்சம் வந்தால் பிள்ளை உள்ளே போகலாம். தோடு காதிலேயே கிடந்தது.

அதிசயம் என்னவென்றால், அந்த இரண்டு வருடமும் அங்கே ஒரு மூக்குக்கூட ஓடவில்லை. முன்பெல்லாம் திங்கட்கிழமை ஒரு பிள்ளை இருமினால் வெள்ளி வருவதற்குள் எல்லாம் சேர்ந்து இருமுகிற இடம் அது. அன்ரிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாப் பெருமையையும் தான் வெள்ளிக்கிழமைகளில் காய்ச்சும் கொத்தமல்லித் தண்ணிக்கே கொடுத்தார். "என்ர கொத்தமல்லி குடிக்கிற பிள்ளையளுக்குத் தடிமன் சளி எண்டா என்னெண்டே தெரியாது" என்பார். நானும் ஒரு குவளை வாங்கிக் குடித்தவன்தான். வங்கியில் வேலை செய்யும் நிருஷாவின் மகன் அபிஷன் ஊரடங்கு வருடத்தில் பிறந்தவன். தும்மியே அறியாத அவனைத் தூக்கிவைத்து வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டுவார்.

பிறகு கட்டுப்பாடுகள் தளர்ந்தன. முகக்கவசங்கள் கழன்றன, நேசரிப் பள்ளிகள் திறந்தன, பிறந்தநாள் கொண்டாட்டங்கள் தொடங்கின. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் இருமத் தொடங்கினார்கள். ஒரு காலை அபிஷனுக்கும் இலேசாக மூக்கு ஓடியது. துவக்கு பச்சை காட்டியது. அன்ரி அவனை உள்ளே எடுத்துக்கொண்டார்.

மத்தியான நித்திரையில் அவன் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கி உள்வாங்கி எழுவதைக் கண்டார். தோட்டைப் பிய்க்காத குறையாகக் கழற்றிக் காதை வைத்தார். உள்ளே விசில் ஊதுவது போல இழுத்துக்கொண்டிருந்தது. ஒழுங்கை முனையில் நிற்கும் மர்ஸூக்கின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வழிநெடுக அன்ரி அவன் முதுகிலிருந்து காதை எடுக்கவேயில்லை என்று மர்ஸூக் பிறகு என்னிடம் சொன்னார். போனதும் ஒட்சிசன் வைத்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான்.

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினாராம். பூட்டிய கதவும் முகக்கவசமும் கைகழுவலும் கொரோனாவோடு சேர்த்துச் சாதாரணத் தடிமன் கிருமிகளையும் தூர வைத்திருந்தன. அவற்றை ஒருமுறைகூடச் சந்திக்காமல் வளர்ந்த பிள்ளைகள் இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் சந்திக்கிறார்கள். அதனால்தான் வார்டு நிரம்பி வழிகிறது. "அப்ப கொத்தமல்லி?" என்று அன்ரி கேட்டிருக்கிறார். தாராளமாகக் குடிக்கலாம், ருசியாக இருக்கும் என்றாராம் டொக்டர்.

வேறு யாரும் என்றால் இதை அமுக்கியிருப்பார்கள். அன்ரி மறுநாளே துவக்கை அலுமாரிக்குள் போட்டுவிட்டு, கேற்றடியில் ஒவ்வொரு அம்மாவிடமும் தானாகவே சொன்னார்.

"ரெண்டு வருசமும் காப்பாத்தினது பூட்டின கதவுதான், என்ர கொத்தமல்லி இல்லை. அண்டைக்குக் காலமை காதை வச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். அது என்ர பிழை."

சொல்லும்போது அவர் தலை குனியவில்லை. இந்த மனுசிக்கு மேல்வீட்டில் குடியிருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் நிருஷாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அடுத்த ஒழுங்கையில் கமரா பொருத்திய புது நிலையம் ஒன்று இருப்பதாகப் பேச்சு அடிபட்டது. அன்ரி மத்தியானங்களில் அபிஷனின் பாயையும் விரித்துவைத்தார். அந்தப் பிள்ளை திரும்பி வராவிட்டால் நிலையத்தை மூடிவிடுவேன் என்று என்னிடம் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை நிருஷா வந்தார். இடுப்பில் அபிஷன், கொஞ்சம் மெலிந்து, வாயில் விரலோடு. அன்ரி படியில் குந்தினார். கை காதுவரை போகவில்லை, மடியிலேயே கிடந்தது. அன்றுவரை அவர் அப்படித் தயங்கி நான் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள்.

ரயில் போனது. நிருஷா மகனை இறக்கி, அவனைத் திருப்பி, முதுகுச் சட்டையைத் தானே உயர்த்திப் பிடித்தார். பிறகு மற்றக் கையை அன்ரியின் முன்னால் நீட்டி, தோட்டுக்காக உள்ளங்கையை விரித்தார்.