பதிவேட்டின் ஓரத்தில் ஒரு அக்கா

என் அப்பாவை, நான் நைனா என்று கூப்பிட்டவரை, அடக்கம் செய்த மறுநாள், கல்லறைத் தோட்டத்து எழுத்தர் என்னை அழைத்துப் பதிவேட்டில் எழுதுவதற்குச் சில விவரங்கள் கேட்டார். பெயர், வயது, தொழில் எல்லாம் சொன்னேன். வயது உத்தேசம்தான். "அவரோட தகப்பனார் பேரு?" என்றார். தெரியாது என்றேன். "சொந்த ஊரு?" அதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தருகிறவளுக்குத் தன் தாத்தாவின் பெயர் தெரியாதா என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த இரண்டு கட்டங்களிலும் சின்னதாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் பேனாவை வைத்தார்.

நைனா ராயபுரம் ரயில்வே யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். எந்தக் கூட்ஸ் வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்கு ஏற்ப நெம்புகோலை இழுத்து வழி மாற்றிவிடுகிற வேலை. தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக் கொட்டகையிலிருந்து எடுத்துவரப்பட்டுப் பாதிரிமார் நடத்திய அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அம்மா பெண்பிள்ளைகளின் இல்லத்தில் வளர்ந்தவள். இரண்டு பேருக்கும் பாதிரியாரே பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தார். நான் ஒரே பெண். ஆக, எங்கள் வீட்டுக்குப் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று யாரும் வந்ததே இல்லை. விருந்தாளிக்கென்று தனித் தட்டுகூட எங்கள் வீட்டில் கிடையாது.

இது ஒரு குறை என்று எனக்குத் தெரிந்தது, ஜெர்மன்காரன் கப்பல் வந்து துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டபோதுதான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். மறுநாள் விடிந்ததும் எங்கள் சந்து முழுக்க மூட்டை கட்டியது. ஒரு குடும்பம் திண்டிவனத்துக்கு, ஒரு குடும்பம் நெல்லூருக்கு. எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் பிள்ளைகுட்டியோடு திருநெல்வேலிச் சீமைக்கே கிளம்பிவிட்டார். மத்தியானத்துக்குள் எங்கள் சந்தில் நாய்களும் நாங்களும்தான்.

"நாம எந்த ஊருக்குப் போறது நைனா?" என்று கேட்டேன்.

அவர் வேலைக்குப் போக நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். "நமக்கு இன்னா ஊரு கீது? இதான் ஊரு. கதவ சாத்திகினு உள்ள இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாளைக்கு மேல் அந்தச் சந்தில் வேறு மனிதக் குரலே கேட்கவில்லை. அம்மா வழக்கம்போல வாசல் தெளித்தாள். நான் ஒவ்வொரு வீட்டுப் பூட்டாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஓடிப்போவதற்கு ஓர் இடம் இருப்பவர்கள் எவ்வளவு பணக்காரர்கள் என்று அப்போது பட்டது.

ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவிய வருஷம் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு நைனாவும் நானும்தான். நான் பயிற்சி முடித்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையானேன். வரன் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது எந்த ஊர், யார் வம்சம் என்பதைத்தான். இரண்டு முறை அப்படி நடந்த பிறகு நானே போதும் என்று சொல்லிவிட்டேன். நைனா தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார். "கஞ்சிக்கு வரிசையில நின்னது ஞாபகம் கீது. யாரோ என் கைய புடிச்சிகினு இருந்தாங்க. யாருன்னு தெரில" என்றார். அதற்குமேல் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

எழுத்தர் இழுத்த அந்தக் கோடுகள் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அநாதை இல்லத்தை மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. அதன் பழைய பதிவேடுகள் எங்கள் தேவாலயத்தின் பின்னறையில் ஓர் அலமாரியில் கிடந்தன. பாதிரியாரிடம் கேட்டேன். "கரையான் விட்டுவைத்திருந்தால் பாருங்கள்" என்று சாவியைக் கொடுத்தார்.

மூன்று சனிக்கிழமைகள் தேடினேன். நான்காவது சனிக்கிழமை கிடைத்தது. இல்லத்தை அப்போது நடத்திய வெள்ளைக்காரப் பாதிரியார் நுணுக்கி நுணுக்கி இங்கிலீஷில் எழுதியிருந்தார். ஒரே நாளில் கஞ்சிக் கொட்டகையிலிருந்து வந்த ஒன்பது பையன்கள். ஆறாவது வரியில் நைனாவின் ஞானஸ்நானப் பெயர். வயது சுமார் நான்கு. பக்கத்தின் ஓரத்தில், அந்த வரியை ஒட்டி, ஒரு குறிப்பு: அக்காள் ஒருத்தி உண்டு, வயது சுமார் ஒன்பது, எர்ணாவூர் உப்பளத்தில் வேலை செய்யும் பிள்ளையில்லாத தம்பதி அவளை அழைத்துச் சென்றார்கள்.

அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்று தெரிந்துவிட்டது. எனக்கு ஓர் அத்தை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரயிலேறித் திருவொற்றியூரில் இறங்கினேன். வண்டியில் வரும்போதே 'அத்தை, அத்தை' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதுவரை நான் யாரையும் கூப்பிட்டிராத சொல் அது. எர்ணாவூருக்கு மணலில் நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. பஞ்ச காலத்தில் பட்டணத்திலிருந்து எடுத்து வளர்த்த பெண் என்று விசாரித்ததும், "அதுவா? அந்தக் கோடி வூடு" என்று கை காட்டினார்கள். உயிரோடு இருக்கிறாள்.

கீற்றுக் குடிசை. அவளுடைய மருமகள் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்து, என் வெள்ளைப் புடவையையும் குடையையும் பார்த்து மிரண்டு, "யாரு, டீச்சரம்மாவா? உள்ள வாங்க" என்றாள். உள்ளே கிழவி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கால்கள் இரண்டும் உப்புத் தண்ணீரில் வெந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தன.

நான் நின்றபடியே, "அத்தை" என்றேன். பிறகு கோர்வையில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேடு, குறிப்பு, ராயபுரம், போன மாதம் நைனா இறந்தது.

கிழவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந் தம்பி செத்துட்டான்னு அப்பவே சொல்லிட்டாங்களே" என்றாள். "என்ன வளத்த நைனா பட்டணம் போயிட்டு வந்து சொன்னாரு. நான் அழுவாம கெடக்கணும்னு சொன்னாரா, நெசமாவே செத்தானா, இத்தினி வருசமா எனக்குத் தெரில. ஆனாலும் ஆடிக்கு ஆடி அவனுக்குப் படைச்சிகினுதான் வர்றேன்."

"அவர் சாகல. போன மாசம் வரைக்கும் இருந்தார்."

"எங்க?"

"ராயபுரத்தில."

"ராயபுரத்துல..." என்று சொல்லிக்கொண்டாள். "ஏழு மைலு இருக்குமா? ஏழு மைலுல குந்திகினு என்னத் தேடாமயா இருந்தான்?"

மருமகள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

கிழவி சட்டென்று கேட்டாள்: "வலது கால்ல ஆறு வெரல் இருந்திச்சா அவனுக்கு?"

கடைசி மூன்று மாதம் நைனாவுக்குக் கால்கள் வீங்கிக் கிடந்தன. தினமும் வெந்நீர் வைத்து, விரலிடுக்கெல்லாம் துடைத்துவிட்டவள் நான். ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல்கள்தான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த வீட்டில் எனக்கு ஓர் அத்தையும் அத்தானும் கிடைத்திருப்பார்கள். யாரும் சரிபார்த்திருக்கப் போவதில்லை. நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால், சொன்னால் அந்தக் கிழவி மிச்சமிருக்கும் நாளெல்லாம் தன்னைத் தேடாத தம்பியை நினைத்துக்கொண்டு கிடப்பாள்.

"இல்லை" என்றேன். "அஞ்சு விரல்தான்."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். முகம் தளர்ந்தது. "அப்போ அது எந் தம்பி இல்ல" என்றாள். "அவன் என்ன மறந்துட்டுக் கெடக்கல." அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்தது சந்தோஷம்தான். வேறு எப்படியும் அதைச் சொல்ல முடியாது.

அதன்பிறகு அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிடாமலே விடைபெற்றேன். மருமகள் என் முந்தானையில் ஒரு பிடி உப்பு முடிந்து கொடுத்தாள். ரயில் நிலையம் வரைக்கும் அந்த மணலில் அழுதுகொண்டே நடந்தேன். பார்ப்பதற்கு ஆள் இல்லை, நான் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பதிவேட்டைத் திறந்தேன். இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தேன். ஓரக் குறிப்பு ஆறாவது வரிக்கும் ஏழாவது வரிக்கும் நடுவில்தான் இருந்தது. என் ஆசையில் நான் அதை மேல் வரியோடு சேர்த்துப் படித்திருக்கிறேன். ஏழாவது வரியிலும் நான்கு வயதுப் பையன் ஒருவன். பெயருக்குப் பக்கத்தில் சிலுவைக் குறி. அடக்கப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். வந்த இருபத்து மூன்றாம் நாள் பேதியில் இறந்திருக்கிறான். வடக்கு மதிலோரம் அடக்கம். கீழே வெள்ளைக்காரப் பாதிரியார் தமிழ்ச் சொல் ஒன்றை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார்: மற்றப் பிள்ளைகள் இவனை 'ஆறுவிரலான்' என்று அழைத்தார்கள்.

நைனாவின் வரிக்கு நேராக வேறெதுவுமே இல்லை. யாரோடு வந்தார், எங்கிருந்து வந்தார், ஒன்றும் இல்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பாதிரியாரிடம் கொடுத்தேன். "கிடைத்ததா?" என்றார். "எனக்குக் கிடைக்கவில்லை" என்றேன்.

எர்ணாவூருக்கு மறுபடியும் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு வாரம் யோசித்தபிறகுதான் போனேன். கிழவியிடம் ஆறுவிரலானைப் பற்றிச் சொன்னேன்.

"எத்தினி நாளு இருந்தான்?"

"இருபத்திமூணு நாள்."

"நான் அப்போ இங்க வயிறு நெறைய சோறு துன்னுகினு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "அந்த எடத்தக் காட்டுவியா கண்ணு?" என்றாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் மருமகளோடு ராயபுரம் வந்து இறங்கினாள். அறுபதைத் தாண்டியவள், பஞ்சத்துக்குப் பிறகு பட்டணத்துக்கு வந்ததே இல்லையாம். தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை உப்புக்கல்லைப்போல முரடாக இருந்தது.

வடக்கு மதிலோரம் கல் எதுவும் இல்லை. நெருஞ்சியும் கோரையும் மண்டிக்கிடந்தன. எந்த இடம் என்று குறிப்பாகச் சொல்ல என்னால் முடியவில்லை. "இங்கதான் எங்கியோ" என்றேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது. செருப்பில்லாத காலோடு நெருஞ்சிக்குள் நடந்துபோய்க் குந்தினாள். மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை அவிழ்த்தாள். கேழ்வரகு அடையும் வெல்லமும். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

"அக்கா வந்துகீறேன்டா" என்றாள். "லேட்டாயிடுச்சி."

மருமகள் விசும்பினாள். கிழவி அழவில்லை. மண்ணைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி.

எழுந்ததும் என்னைக் கேட்டாள்: "உங்க நைனா எங்க?"

காட்டினேன். மண் இன்னும் முழுசாகப் படியவில்லை. மிச்சமிருந்த அடையைப் பிட்டு அங்கேயும் வைத்தாள். "இவனும் அதே வரிசையில நின்ன புள்ளதானே" என்றாள். அப்போதுதான், நைனா இறந்த பிறகு முதல் தடவையாக, பக்கத்தில் ஆள் இருக்கும்போது நான் அழுதேன்.

ரயில் நிலையத்தில் ஏறும் முன், "வூட்ல யாரு கீறாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லை."

"அப்போ எங்கூட வந்து ரெண்டு நாள் இரேன்."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொன்னேன். உண்மையில் பள்ளிக்கூடம் ஒரு காரணமே இல்லை. தன் தம்பியின் மகள் என்று நினைத்து அவள் கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன். இரக்கப்பட்டுக் கூப்பிட்டது என்னைத் தடுத்தது. இப்போது நினைத்தால் அது வெறும் வீம்பு. "ஆடிக்காவது வா" என்றாள். வருகிறேன் என்றேன்.

அந்த ஆடிக்குப் போனேன். அடுத்த ஆடிக்கும் போனேன். படையலில் எனக்கு ஒரு இலை போட்டார்கள். மூன்றாவது வருஷம் போனபோது குடிசையில் வேறு யாரோ இருந்தார்கள். பங்குனியில் கிழவி இறந்துவிட்டாள் என்றும், மகனும் மருமகளும் திருவொற்றியூர்த் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் வேலை தேடிக் குடிபோய்விட்டார்கள் என்றும் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். "ஒனக்குச் சொல்லி அனுப்பணும்னு அந்தப் பொண்ணு தவிச்சிது. வெலாசம் யாருக்குத் தெரியும்?" என்றாள்.

நானும் அவர்களிடம் விலாசம் கொடுத்ததில்லை. கேட்டவர்களும் இல்லை, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் அந்த வீட்டில் இல்லை. தீப்பெட்டித் தொழிற்சாலை வாசலில் ஒரு சாயங்காலம் நின்று, வேலை முடிந்து வெளியே வந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த மருமகள் வரவில்லை. கூட்டம் கலைந்ததும் ரயில் நிலையத்துக்கு நடந்து வந்து, ராயபுரம் வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன்.